அறுபத்து மூவர் வரிசை

புதுக்கோட்டையைச் சுற்றி மனை பார்க்க வருகிறவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்கும் முன்பே, "சென்ட் என்ன விலை?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடுகிற குடும்பத்துக்கு விலைதான் முதல் கேள்வி. நகரின் நடுவில், கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் இடம் வாங்க நம்மால் ஆகாது. எனவே ஊரைவிட்டுத் தள்ளி, தைலமரக் காட்டை ஒட்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் உள்ளே நடக்கும் தூரத்தில், செம்மண் தெருவில் மூன்று சென்ட் அமைகிறது. நகையை வைத்து, வங்கியில் கடன் வாங்கி, கடைக்கால் எடுத்துச் சுவர் எழுப்பி, பூச்சு வேலை முடியும் முன்பே பால் காய்ச்சிக் குடிவந்துவிடுகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

இந்தத் தெருக்களில் பூர்வீகக்காரர் என்று யாரும் இல்லை. கந்தர்வகோட்டையிலிருந்து வந்த கண்டக்டர், அறந்தாங்கிப் பக்கத்து நர்ஸ், திருமயத்திலிருந்து வந்த டெய்லர், மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர் என்று எல்லோரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். குலதெய்வம் வேறு ஊரில் இருக்கிறது. சொந்தபந்தம் வேறு ஊரில் இருக்கிறது. பங்குனியிலும் ஆடியிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். நல்லது கெட்டதுக்கு உடனே ஓடிவர இங்கே இருப்பது பக்கத்து வீடு மட்டும்தான்.

மன அமைதி வேண்டும் என்று சொல்கிறவர்கள் மலையைத் தேடுகிறார்கள், ஆற்றங்கரையைத் தேடுகிறார்கள். மூன்று சென்ட் வீட்டில், அடுத்த வீட்டுக் குக்கர் சத்தமும் தொலைக்காட்சித் தொடரின் அழுகையும் நம் வீட்டுக் கூடத்தில் கேட்கிற இடத்தில், தியானத்துக்கு ஏது வழி என்று நினைக்கிறார்கள். நான் வெகுகாலமாக யோசித்து வருவது இதைத்தான். கட்டுபடியாகிற விலையில் கிடைத்த இந்த நெருக்கமான வாழ்க்கையே ஒரு சாதனையாக முடியாதா? முடியும் என்பதை எனக்குக் காட்டிய இடம் குடுமியான்மலை.

அதற்கு முன் எங்கள் தெருவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் விடியும் முன்பே குடங்கள் வரிசையில் வந்து நிற்கும். இரவுப் பணிக்குப் போன நர்ஸ் இன்னும் வீடு திரும்பியிருக்க மாட்டார். அவர் வீட்டு நீலப் பிளாஸ்டிக் குடங்கள் இரண்டும் வாசல் படியில் கவிழ்ந்திருக்கும். எதிர்வீட்டு அம்மாள் தன் குடத்தை நிரப்பும் முன் அந்த இரண்டையும் நிமிர்த்தி, கை விட்டு ஒருமுறை அலசிக் கொட்டி, வரிசையில் வைத்துவிடுவார். ஏழரை மணிக்கு பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறவர் நிறைந்த குடங்களைப் பார்ப்பார். "வெச்சிட்டேன் அக்கா, போய்த் தூங்குங்க" என்று எதிர்வாசலில் இருந்து ஒரு குரல் வரும். இருவருக்குள்ளும் அதற்கு மேல் பேச்சு இல்லை. வீட்டுக்குள் விளக்கேற்றிச் செய்கிற பூஜைக்குச் சற்றும் குறையாத காரியம் அந்த வாசலில் நடந்து முடிந்துவிடுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி எங்கள் மாவட்டத்தின் ஊடாகப் போனது. தென்னையும் மாவும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக முறிந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரை நம்பிய வீடுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவில் இருந்த ஒரே அடிகுழாயை ஆளுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்து அடித்தோம். எங்கள் தெருக்காரர்கள் பலர் ஒருவர் பெயரை ஒருவர் சரியாகத் தெரிந்துகொண்டது அந்த வரிசையில் நின்றபோதுதான். அதுவரை "பச்சைப் பெயிண்ட் வீடு", "மாடிப்படி வெளியில் இருக்கிற வீடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் மேற்கே போனால் குடுமியான்மலை. வயலும் பொட்டலும் மாறி மாறி வரும் தரையில் திடீரென்று ஒரு பாறைக்குன்று எழுந்து நிற்கிறது. பழைய கல்வெட்டுகளில் இதன் பெயர் திருநலக்குன்றம். குன்றின் அடிவாரத்தில் சிகாநாதசுவாமி, அகிலாண்டேசுவரி கோயில். கோயிலை ஒட்டி, பாறையைக் குடைந்த சிறிய குடைவரை ஒன்று இருக்கிறது. மேலைக்கோயில் என்று சொல்வார்கள். முதலில் இருந்தது அந்தக் குடைவு. சோழர் காலத்திலும் பாண்டியர் காலத்திலும் கற்றளியும் சன்னதிகளும் சேர்ந்தன. முன்புற மண்டபத்தின் தூண்களை ஆளுயரச் சிற்பங்களால் நிறைத்தவர்கள் அதற்கும் பின்னால் வந்தவர்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மரும், அன்னத்தின் மேல் அமர்ந்த ரதியும் அந்தக் காலத்தவை. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களால் ஆனதைச் சேர்த்து உண்டான இடம் இது. யாரும் இதை மொத்தமாக ஒரே நாளில் வாங்கவில்லை, கட்டவில்லை.

சிகாநாதர் என்ற பெயருக்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. இறைவனுக்குரிய பூமாலையை அர்ச்சகர் தன் அன்புக்குரியவளுக்குச் சூட்டிவிட்டார். எதிர்பாராமல் அரசன் வந்து நின்றான். அவள் கூந்தலில் இருந்து மாலையை அவசரமாக எடுத்து வந்து சாத்தி, அதையே பிரசாதமாகக் கொடுத்தார். மாலையில் ஒரு முடி இருந்தது. அரசன் கேட்டான். பயத்தில், சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். காட்டு என்றான் அரசன். அவன் பார்த்தபோது லிங்கத்தின் உச்சியில் குடுமி இருந்தது. இன்றைக்கும் லிங்கத்தின் தலையில் புடைப்பான அந்த அடையாளத்தைக் குருக்கள் ஆரத்தி ஒளியில் காட்டுவார்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் அப்பத்தா சொல்லக் கேட்டபோது, பொய் சொன்னவனுக்குச் சாமி ஏன் துணை போனார் என்று கேட்டிருக்கிறேன். "அவனும் அவரு புள்ளதானேய்யா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்தப் பதிலின் ஆழம் எங்கள் நகருக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. சுவர்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் யாருடைய கஷ்டமும் ரகசியம் இல்லை. வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் கையில் பணம் இல்லாத வீடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. வெளியில் நிற்கிறவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க தம்பி, அடுத்த வாரம் வாங்க." மாலையில் அந்த வீட்டுக் கதவு திறக்கும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கண்ணால்கூடக் காட்டிக்கொள்வதில்லை.

பொய் பொய்தான். தவணையும் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் வெட்கித் தலைகுனிந்து நிற்கும் நேரத்தில் அவருக்கும் உலகத்துக்கும் நடுவில் போய் நின்றுகொள்வது எப்படிப்பட்ட அருள் என்பதை அந்தக் கதை சொல்கிறது. தனக்கு வேண்டிய அலங்காரம் எது என்று இறைவன் பார்க்கவில்லை. நடுங்கி நிற்பவனுக்கு எந்த உருவம் தேவையோ அதை எடுத்துக்கொண்டான். ஒருமுறைக்குப் போட்ட வேடத்தைப் பிறகு கலைத்துவிடவும் இல்லை. அந்தப் பெயரோடுதான் இன்றும் இருக்கிறான்.

மேலைக்கோயிலின் பக்கத்துப் பாறையில்தான் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு பழைய பண்களுக்கான சுரங்களை நான்கு நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்பன அவை. எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 12ஆம் தொகுதியில் பண்டார்கர் இதைப் பதிப்பித்த நாள் முதல் இசை அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இதை அமைத்தவன் ஓர் அரசன், சிவபக்தன், உருத்திராசாரியார் என்பவரின் மாணவன், கற்கும் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்ற அளவில் கல்வெட்டு முடிகிறது. அவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனா, வேறு ஒருவனா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அரசன் தன் பெயரைப் பொறிக்கவில்லை. ஆசிரியரின் பெயரைப் பொறித்தான்.

அந்தப் பாறைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் மனசு தணிந்துவிடுகிறது. ஒரு நாட்டை ஆண்டவனுக்குத் தன் பெயரை நான்கு எழுத்தில் வெட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு இடமும் இருந்தது, உளியும் இருந்தது. பெயர் போடாமல் விட்டதால் அந்த இசை எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. நம் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே யாரோ ஒரு கருங்கல்லைப் புதைத்துவைத்திருக்கிறார்கள், குடம் சாயாமல் நிற்க. மழைக்காலத்தில் பள்ளத்தில் யாரோ இரண்டு சட்டி ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்குத் தினமும் ஒருவர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். யார் என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தால் அந்தக் காரியத்தின் அழகு கொஞ்சம் குறைந்துவிடும் என்று தோன்றுகிறது.

நெருக்கமான தெருவிலும் சாதனை கைகூடும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. வடலூர் வள்ளலார் இளமைக் காலத்தைக் கழித்தது சென்னையில், ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில். அன்றைக்கும் அது நெருக்கமான நகர்ப்பகுதிதான். அந்த வீட்டின் மாடி அறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி, அதன் முன் அமர்ந்து தியானித்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. திருவொற்றியூருக்கு நடந்து போய் வணங்கி வருவார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டியவரின் கருணைக்கு முதல் பாடம், பசித்தவரையும் பிணியாளரையும் தினமும் பார்க்கவைத்த அந்தச் சென்னைத் தெருக்களில் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

குடுமியான்மலையில் என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பது வேறொன்று. குன்றின் மேல்பகுதியில், பாறை முகத்தில் நீளமாக ஒரு வரிசை செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் இடபத்தின் மேல் சிவனும் உமையும். இருபுறமும் அறுபத்து மூன்று நாயன்மார்கள். கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் கண் கூசும். மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் அவர்கள் மேலும் இறங்கியிருக்கின்றன.

அவர்களை நான் எங்கள் தெருவாகவே பார்க்கிறேன். அடுத்தடுத்து, இடைவெளி இல்லாமல், தோளோடு தோள் ஒட்டியதுபோல் குடியிருக்கிறார்கள். அதில் தில்லையில் சட்டி வனைந்த திருநீலகண்டர் இருக்கிறார். காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் இருக்கிறார். நாகப்பட்டினத்தில் மீன் பிடித்த அதிபத்தர், ஒற்றியூரில் எண்ணெய் ஆட்டி விளக்கேற்றிய கலியர், கண் தெரியாமலே திருவாரூர்க் குளத்தை ஆழப்படுத்திய தண்டியடிகள், பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் எல்லாரும் இருக்கிறார்கள். நாடாண்ட கோச்செங்கட் சோழரும் அதே வரிசைதான். தரையில் நின்று பார்க்கிறவரால் அரசர் யார், குயவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர். கொடும்பாளூரை ஆண்ட இடங்கழியார். அடியார்களுக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு நெல் தீர்ந்துபோயிற்று. வழி தெரியாமல் இரவில் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் எடுக்கப் புகுந்தார். காவலர்கள் பிடித்து நிறுத்தினார்கள். காரணம் கேட்ட இடங்கழியார், இவரல்லவா என் களஞ்சியம் என்று நினைத்து அவரை விடுவித்தார். அடியார்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊர் முழுக்கப் பறையறைவித்தார். இளையான்குடி மாறனாரின் வீட்டில் நிலைமை இதற்கு நேர்மாறு. களஞ்சியமே இல்லை. மழை இரவில் விருந்தாளி வந்துவிட்டார். பகலில் விதைத்த முளைநெல்லை வயலில் இருந்து வாரிக்கொண்டு வந்து, வீட்டுக் கூரையின் கழிகளை முறித்து அடுப்பெரித்து, அந்த அம்மையார் சமைத்துப் போட்டார். நிறைய இருந்து கொடுத்தவரும், எதுவுமே இல்லாமல் கொடுத்தவரும் இந்தப் பாறையில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். மாறனாரின் வீடு எத்தனை சென்ட் என்று சேக்கிழார் சொல்லவில்லை. அடுப்புக்குக் கூரையைப் பிரிக்கிற அளவுக்கு அது எளிய வீடு.

அந்த வரிசையில் திருநாளைப்போவாரும் உண்டு. ஆதனூரில் ஊருக்குப் புறத்தே இருந்த சேரியில் பிறந்தவர். ஊருக்கு வெளியே வாழ்வது என்பது நம் நாட்டில் எல்லா நேரமும் மலிவு விலை தேடிப் போனவர்களின் கதையாக இருந்ததில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதையாகவும் இருந்திருக்கிறது. குடுமியான்மலை இருக்கும் அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் கை கூசியது. நாயன்மார்கள் வரிசையைத் தலைக்கு மேல் செதுக்கி வைத்துக்கொண்டு, அதன் நிழல் விழும் வட்டாரத்தில் இப்படி ஒன்று நடக்க விட்டிருக்கிறோம். ஆன்மிகம் பேசுகிறவர்கள் இதைப் பேசாமல் தாண்டிப் போகக் கூடாது.

புதிய நகர்களில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. மனை எண் யாருடைய சாதியையும் சொல்வதில்லை. 14ஆம் எண்ணுக்கு அடுத்தது 15ஆம் எண், அவ்வளவுதான். ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. எங்கள் தெருவிலும் கேட்கிறது. அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொள்வது பெரிய விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பதைவிட அது கடினம் என்றே நினைக்கிறேன்.

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் திருமடைவிளாகம் என்ற சொல் அடிக்கடி வரும். கோயிலைச் சுற்றி, கோயில் பணியாளர்கள் குடியிருந்த தெருக்கள் அவை. பூத்தொடுப்பவர், விளக்கேற்றுபவர், இசைப்பவர், ஆடுபவர், கணக்கெழுதுபவர் என்று உழைத்துப் பிழைத்தவர்களின் வீடுகள். கோயிலின் பெருமையெல்லாம் கோபுரத்தில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அதன் அன்றாட மூச்சு இந்தச் சிறிய வீடுகளில் இருந்தது. குடுமியான்மலையில் 13ஆம் நூற்றாண்டில் அம்மனுக்குச் சன்னதி அமைத்தவர் அரசியோ படைத்தலைவனோ இல்லை. கோயிலின் தேவரடியார், துர்க்கையாண்டியின் மகள் உமையாள்வி நாச்சி. இந்தக் கோயிலில் கிடைத்திருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுக்கு நடுவே அவர் பெயரும் நிற்கிறது.

கல்வெட்டுகளில் என்னை உருக்குவது கொடைகளை எழுதி முடிக்கும் முறை. இத்தனை நிலம், இத்தனை ஆடு, இத்தனை விளக்கு என்று எழுதியபின், இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவரின் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவர் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் பரவலாக உண்டு. யாரிடம் சொல்கிறார்? இன்னும் பிறக்காதவர்களிடம். தன்னைவிட நூறு, ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இங்கே வந்து குடியேறப்போகிறவர்களின் காலில் முன்கூட்டியே விழுகிறார். கொடுத்தவனுக்கு அகங்காரம் வராமல் காக்கும் வாசகம் இதைவிட வேறு எதையும் நான் கண்டதில்லை.

நம் நகர்களிலும் அப்படி ஒரு சாசனம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவு என்றால், பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மனை விற்றவர் விரும்பிக் கொடுத்தாரா, விதிக்காகக் கொடுத்தாரா என்பது இருக்கட்டும். பத்திரத்தின் பெயர் தானம். அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. பட்டாவும் கட்டட அனுமதியும் கிடைத்தன. பிள்ளைகள் ஓடியாட இடம் மட்டும் கிடைக்கவில்லை.

இருக்கிற இடங்களின் நிலைமையும் சொல்லும்படி இல்லை. எங்கள் நகரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் சீமைக்கருவேல் புதராகிக் கிடந்தது. இடித்த கட்டடத்தின் செங்கல்லை ஒரு லாரி கொட்டிவிட்டுப் போனது. ஓர் ஓரத்தில் யாரோ கல் ஊன்றினார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும் பெண்கள்தான் முதலில் இதைப் பேச ஆரம்பித்தார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின், எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவது வழக்கமாகியிருந்தது. பஸ்ஸில் தொடங்கிய பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் அரிவாளுமாக முடிந்தது. கருவேலை வெட்டி, வேரைத் தோண்டி, புங்கன் கன்றும் வேப்பங்கன்றும் வைத்தார்கள். டெய்லர் பழைய புடவைக் கரைகளைக் கிழித்துக் கன்றுகளைக் குச்சியோடு கட்டினார். சாயம் போன சிவப்பும் பச்சையுமாக அந்தக் கட்டுகள் இன்றும் மரத்தில் இருக்கின்றன.

2024இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆயிற்று. சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவும் நகரோடு சேர்க்கப்பட்டன. வீட்டுவரி கூடுமே, நூறு நாள் வேலை போய்விடுமே என்ற கவலை அப்போது கிராமத்தாருக்கு இருந்தது. நிலத்தின் விலை ஏறும் என்ற கணக்கு மனை வைத்திருப்பவர்களுக்கு. ஒருகாலத்தில் தனி ஊராக இருந்த திருக்கோகர்ணம் இன்று நகரின் ஒரு பகுதி. அதுபோல் இன்றைய ஓரம் நாளைக்கு நடுவாகிவிடும். அப்போது இந்தத் தெருக்களில் மூன்று சென்ட் வாங்க நம்மைப் போன்றவர்களால் முடியாமல் போகலாம். வாங்க முடிந்த காலத்தில் வந்தவர்கள் எதைக் காப்பாற்றி வைத்தார்கள் என்று அன்றைக்குக் குடியிருப்பவர்கள் பார்ப்பார்கள்.

புதிய நகர்களில் குடியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கையில் இல்லை என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பூங்கா என்று குறித்த இடம் எது, அதன் நான்கெல்லை எது, தானப் பத்திரம் எழுதப்பட்டதா என்று தெரிந்துகொண்டு, தெருவில் எல்லோரும் படிக்கும்படி ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய் வாருங்கள்.